வாட்ஸ்அப் மெசேஜ் கோர்ட்டில் நிற்குமா? தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலக்கோட்டு மண்டியில் தக்காளிக்கு விலை பேசுவது வாட்ஸ்அப்பில். ஓசூரில் மனைக்கு முன்பணம் அனுப்புவது போனில். இந்த மாதம் சீட்டு எடுத்தவர் யார் என்று அறிவிப்பதும் குழுவில்தான். தகராறு என்று வந்துவிட்டால் மட்டும், "எழுத்தில் ஒன்றும் இல்லையே" என்று கையைப் பிசைந்துகொண்டு வக்கீல் அலுவலகத்துக்கு வருகிறார்கள். எழுத்தில்தான் இருக்கிறது, சட்டைப் பையிலேயே இருக்கிறது. அதைக் கெடுக்காமல் கோர்ட் வரை கொண்டுவருவதில்தான் முக்கால்வாசிப் பேர் சறுக்குகிறார்கள். கீழே உள்ளவை பொதுவான விளக்கங்கள். உங்கள் வழக்கின் காகிதங்களைப் படித்த வக்கீல் வேறு சொன்னால் அவர் சொல்வதையே கேளுங்கள்.

போனில் வந்த மெசேஜைக் கோர்ட் ஆதாரமாக ஏற்குமா?

ஏற்கும். 1872-ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் இடத்தில் 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷிய அதிநியம் நடைமுறையில் இருக்கிறது. அதன் 61-ஆம் பிரிவு, மின்னணுப் பதிவு என்ற ஒரே காரணத்துக்காக எதையும் ஒதுக்கக் கூடாது என்கிறது. எஸ்.எம்.எஸ், வாட்ஸ்அப், ஈமெயில், குரல் பதிவு, வீடியோ எல்லாம் இதில் அடங்கும். அந்தத் தேதிக்கு முன்பே விசாரணையில் இருந்த வழக்கு என்றால் பழைய சட்டமே தொடரும். பழைய சட்டத்தில் 65-பி என்று வக்கீல்கள் சொல்லிவந்த பிரிவுதான் புதியதில் 63. இரண்டும் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் புதியதில் கூடுதலாக ஒரு கையெழுத்து வேண்டும். அதைப் பிறகு சொல்கிறேன்.

ஏற்பது வேறு, நம்புவது வேறு. சான்றாவணமாகக் குறியீடு செய்துவிட்டார்கள் என்பதால் வழக்கில் ஜெயித்துவிட்டதாக நினைக்க வேண்டாம். 2021-இல் ஒரு வணிக வழக்கில் உச்ச நீதிமன்றமே, சமூக ஊடகங்களில் எதையும் உருவாக்கலாம், எதையும் அழிக்கலாம் என்று சொல்லி வாட்ஸ்அப் மெசேஜுக்கு மதிப்புத் தர மறுத்தது. அதற்கு ஓராண்டுக்கு முன் இன்னொரு வழக்கில் அதே நீதிமன்றம், வாட்ஸ்அப் உரையாடலின் பொருளையும் உள்ளடக்கத்தையும் விசாரணையில் சாட்சியம் வைத்து நிரூபிக்க வேண்டும் என்றது. இரண்டையும் சேர்த்துப் படித்தால் கிடைப்பது இதுதான்: மெசேஜை மட்டும் நம்பி வராதீர்கள், துணைக்கு வேறு ஏதாவது கொண்டுவாருங்கள்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்துப் பிரிண்ட் போட்டுக் கொடுத்தால் போதாதா?

நோட்டீஸ் அனுப்பவும், காவல் நிலையத்தில் புகாரோடு இணைக்கவும் போதும். விசாரணையில் எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து நின்றால் போதாது.

முதல் கேள்வியே, "மேலே தெரிகிற பெயரை யார் போட்டது?" என்பதாக இருக்கும். நீங்கள்தானே போட்டீர்கள். உங்கள் அண்ணன் எண்ணை எதிரியின் பெயரில் சேமித்து, அவரை விட்டு நாலு வரி அனுப்பச் சொல்லிப் படம் பிடித்தால் பார்க்க அப்படியேதான் இருக்கும். ஆகவே எண் தெரியும்படி படம் எடுங்கள். பெயர்மேல் தொட்டால் எண் தெரியும் பக்கம் வரும், அதையும் எடுங்கள். தேதி தெரிய வேண்டும். உரையாடலின் நடுவில் ஒரு வரியை மட்டும் வெட்டி எடுக்காதீர்கள். உரையாடலின் ஒரு பகுதியைக் காட்டினால், பொருள் விளங்கத் தேவையான மற்றப் பகுதியையும் காட்ட வேண்டும் என்று 33-ஆம் பிரிவு சொல்கிறது. நீங்கள் விட்டுவிட்ட வரியை எதிராளி தன் போனிலிருந்து எடுத்துக் காட்டினால், நீங்கள் காட்டிய வரியும் சேர்ந்து கெட்டுப்போகும். உங்களுக்குப் பாதகமான வரி அதில் இருந்தால் வக்கீலிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். குறுக்கு விசாரணையில் அவர் முதல் முறையாகக் கேட்கும்படி வைக்காதீர்கள்.

வாட்ஸ்அப்பிலேயே முழு உரையாடலையும் ஒரே கோப்பாக வெளியே எடுக்கும் வசதி இருக்கிறது. படிக்க வசதி, வக்கீலுக்குத் தேதிவாரியாகப் பார்க்க வசதி. ஆனால் அது வெறும் எழுத்துக் கோப்பு. யாரும் திறந்து ஒரு வரியை மாற்றலாம் என்பதால் அது மட்டும் ஆதாரம் ஆகாது.

63-ஆம் பிரிவுச் சான்றிதழ் என்கிறார்களே, அது என்ன? தாலுகா அலுவலகத்தில் வாங்க வேண்டுமா?

இல்லை. எந்த அலுவலகமும் தரும் சான்றிதழ் அல்ல அது. பிரிண்ட், பென்டிரைவ், சிடி என்று நகலாக எதைத் தாக்கல் செய்தாலும் கூடவே வைக்க வேண்டிய ஓர் உறுதிமொழி. படிவம் சட்டத்தின் அட்டவணையிலேயே இருக்கிறது. அதில் இரண்டு பகுதிகள். 'ஏ' பகுதியில் போன் யாருடையது, என்ன மாடல், அதன் ஐ.எம்.இ.ஐ எண் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) என்ன, அந்தக் காலத்தில் போன் ஒழுங்காக வேலை செய்ததா என்பவற்றை எழுதி, போனை வைத்திருந்தவர் கையெழுத்திட வேண்டும். 'பி' பகுதியில் ஒரு நிபுணர் கையெழுத்திட வேண்டும். இந்த இரண்டாவது கையெழுத்துதான் புதிய சட்டம் கொண்டுவந்த தலைவலி.

இரண்டு பகுதியிலும் 'ஹாஷ்' எண் குறிக்க வேண்டும். ஒரு கோப்பைக் கணினி மென்பொருளில் கொடுத்தால், எழுத்தும் எண்ணும் கலந்த நீண்ட வரிசை ஒன்று வரும். எடைமேடைச் சீட்டு மாதிரிதான்: மாங்காய் லாரி தோட்டத்தில் காட்டிய எடையும் கூழ் ஆலை வாசலில் காட்டும் எடையும் ஒன்றாக இருந்தால் வழியில் யாரும் கை வைக்கவில்லை. எடைமேடையில் நாலு காய் குறைந்தால் தெரியாது, இங்கே ஒரு புள்ளி மாறினாலும் வரிசை முழுவதும் மாறிவிடும். படிவத்தில் எஸ்.எச்.ஏ 1, எஸ்.எச்.ஏ 256, எம்.டி 5 என்று வகைகள் கொடுத்திருக்கிறார்கள், எது பயன்பட்டதோ அதைக் குறித்தால் போதும்.

இதனால் ஒரு நடைமுறை எச்சரிக்கை. வீடியோவையோ போட்டோவையோ வக்கீலுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டு, அதிலிருந்து பென்டிரைவில் ஏற்றாதீர்கள். வாட்ஸ்அப் அனுப்பும்போதே அதைச் சுருக்கிவிடும், ஹாஷ் மாறிவிடும். போனிலிருந்து நேராகக் கேபிள் மூலம் எடுக்க வேண்டும்.

நிபுணர் என்றால் யார்? பஸ் ஸ்டாண்டு எதிரில் செல்போன் கடை வைத்திருப்பவர் போதுமா?

சட்டம் இதை விளக்கமாகச் சொல்லாமல் விட்டுவிட்டது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79-ஏ பிரிவில் மத்திய அரசு அறிவிக்கும் மின்னணு ஆய்வாளர்கள் இருக்கிறார்கள், அவர்கள் கருத்து சந்தேகமில்லாமல் செல்லும். ஆனால் ஐம்பதாயிரம் ரூபாய்க் கடன் வழக்குக்கு அவர்களைத் தேடி அலைவது எவ்வளவு சாத்தியம்? சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2024 அக்டோபரில் ஒரு குடும்ப வழக்கில், கணவர் தானே கையெழுத்திட்டுக் கொண்டுவந்த சான்றிதழை ஏற்க மறுத்ததோடு, தமிழ்நாட்டுக்குப் போதிய நிபுணர்களை அறிவிக்கும்படி மத்திய அரசுக்கும் உத்தரவிட்டது. நிலைமை எப்படி இருந்தது என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி.

உங்கள் கோர்ட்டில் இப்போது யாருடைய கையெழுத்தை ஏற்கிறார்கள் என்பதை உள்ளூர் வக்கீலிடம் கேட்டுக்கொள்வதுதான் வழி. செல்போன் கடைக்காரரை அழைத்துவர நினைத்தால் ஒன்றை யோசியுங்கள். அவர் கூண்டில் ஏறி, ஹாஷ் என்றால் என்ன, எந்த மென்பொருளில் எடுத்தீர்கள் என்ற கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். கையெழுத்துப் போடும்போது தைரியமாகப் போடுபவர், சம்மன் வந்ததும் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விடலாம்.

போனையே கோர்ட்டுக்குக் கொண்டுவந்து காட்டினால் சான்றிதழ் தேவையில்லையா?

2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் அர்ஜுன் பண்டித்ராவ் கோத்கர் வழக்கில் இதைத் தெளிவாகச் சொன்னது. போனின் சொந்தக்காரர் தானே கூண்டில் ஏறி, தகவல் முதலில் பதிவான கருவி இதுதான், என்னுடையதுதான் என்று நிரூபித்தால் அது மூல ஆவணம், சான்றிதழ் வேண்டியதில்லை. நகலைத் தாக்கல் செய்தால் சான்றிதழ் கட்டாயம். அது பழைய சட்டத்தின் கீழ் வந்த தீர்ப்பு. புதிய சட்ட வழக்குகளில் போனையும் வையுங்கள், சான்றிதழையும் சேர்த்தே தாக்கல் செய்யுங்கள் என்பது என் யோசனை. வழக்கு மூன்று, நான்கு ஆண்டு இழுக்கும். அதற்குள் போன் பேட்டரி உப்பிப்போகும், திரை உடையும், பிள்ளை தண்ணீரில் போடும்.

இன்னொன்று: தீபாவளித் தள்ளுபடியில் பழைய போனைக் கொடுத்துப் புதியது வாங்காதீர்கள். மெசேஜ் எல்லாம் புதிய போனுக்கு வந்துவிட்டதே என்பார்கள். வந்திருக்கும். ஆனால் மூலக் கருவி கடைக்காரரிடம் போய்விட்டது.

"அந்த நம்பர் என்னுடையதுதான், ஆனால் மெசேஜ் நான் அனுப்பவில்லை" என்று எதிராளி சொன்னால்?

பெரும்பாலான வழக்குகள் வந்து நிற்பது இங்கேதான். சட்டமும் உங்களுக்கு இதில் கைகொடுக்காது. 90-ஆம் பிரிவின்படி, அனுப்பப்பட்ட மெசேஜும் வந்து சேர்ந்த மெசேஜும் ஒன்றே என்று கோர்ட் அனுமானிக்கலாம். ஆனால் அதை அனுப்பிய ஆள் யார் என்பதைப் பற்றி எந்த அனுமானமும் செய்யக் கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. ஆக, ஆள் அவர்தான் என்று நிரூபிக்கும் சுமை உங்கள் தலையில்.

சிம் யார் பெயரில் இருக்கிறது என்பது முதல் படி. நம் ஊர்களில் அது பல நேரம் மனைவி பெயரில் இருக்கும், தம்பி பெயரில் இருக்கும், பெங்களூருவில் வேலை செய்தபோது முதலாளி வாங்கிக் கொடுத்த கர்நாடக எண்ணாக இருக்கும். அதனால் பெயர் பொருந்தவில்லை என்றால் பயப்பட வேண்டாம், பொருந்தினாலும் துள்ள வேண்டாம். அந்த எண்ணை அவர்தான் பயன்படுத்துகிறார் என்பதற்கு வேறு தடயங்கள் வேண்டும். விசிட்டிங் கார்டில், கடை போர்டில், பில் புத்தகத்தில் அந்த எண் இருக்கிறதா? அவர் வங்கிக் கணக்கோடு இணைந்த எண் அதுவா? அவரே கோர்ட்டில் தாக்கல் செய்த காகிதத்தில் அந்த எண்ணைப் போட்டிருக்கிறாரா? ஆவேசமாக மறுப்பவர்கள் இந்தக் கடைசி இடத்தில் மாட்டிக்கொள்வதுண்டு.

அதைவிட வலுவானது மெசேஜின் உள்ளே இருக்கும் விஷயம். அவருக்கும் உங்களுக்கும் மட்டும் தெரிந்த ஒன்று அதில் இருக்கிறதா? "நாளைக் காலை பத்து மணிக்கு ராயக்கோட்டை மேம்பாலத்துக்குக் கீழே வந்து வாங்கிக்கொள்" என்று மெசேஜ் வந்து, மறுநாள் அதே நேரத்தில் அவர் அங்கே வந்ததைப் பார்த்த சாட்சி இருந்தால், அனுப்பியவர் யார் என்ற கேள்விக்குத் தனியாகப் பதில் தேட வேண்டியதில்லை. மெசேஜ் வந்த அரை மணியில் அதே எண்ணிலிருந்து அழைப்பு வந்து நீங்கள் பேசியிருந்தால் அதுவும் உதவும். அவர் அனுப்பிய குரல் மெசேஜ் ஒன்று உரையாடலின் நடுவில் இருந்தால் இன்னும் நல்லது. குரலை மறுத்தால், குற்ற வழக்கில் குரல் மாதிரி தரும்படி நடுவர் (மாஜிஸ்திரேட்) உத்தரவிடலாம். 2019-இல் உச்ச நீதிமன்றம் ஒப்புக்கொண்ட அந்த அதிகாரத்தைப் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 349-ஆம் பிரிவு எழுத்திலேயே தருகிறது.

கைமாற்றாகப் பணம் கொடுத்தேன். ஜிபேயில் அனுப்பியது இருக்கிறது, புரோநோட் இல்லை. வழக்குப் போடலாமா?

போடலாம். ஆனால் ஜிபே பக்கத்தின் படம் நிரூபிப்பது பணம் போனதை மட்டும்தான். அது கடனா, வாங்கிய சரக்குக்கு விலையா, பழைய பாக்கியா, மொய்யா என்பதை அது சொல்லாது. "அவர் எனக்குத் தர வேண்டியதைத்தான் தந்தார்" என்று எதிராளி சொல்லிவிட்டால், அடுத்துப் பேச வேண்டியது உங்கள் மெசேஜ்கள்.

பணம் போனதற்கு ஸ்கிரீன்ஷாட்டை நம்பாதீர்கள். பணம் அனுப்பியதுபோல் காட்டும் போலிச் செயலிகளை வைத்துக் கடைக்காரர்களை ஏமாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள், நீதிபதிகளுக்கும் அது தெரியும். வங்கிக்குப் போய் அந்தக் காலத்துக் கணக்கு அறிக்கையை, வங்கியாளர் புத்தகச் சாட்சியச் சட்டம் 1891-இன்படி சான்றளித்துத் தரச் சொல்லிக் கேளுங்கள். அப்படி வாங்கிய நகலைக் காட்ட வங்கி மேலாளரைக் கூண்டில் ஏற்ற வேண்டிய அவசியம் பொதுவாக வராது.

கடன் என்று காட்டும் மெசேஜ் எப்படி இருக்க வேண்டும்? "அண்ணா, அடுத்த வாரம் தருகிறேன்" என்று மட்டும் இருந்தால், எதைத் தருகிறார் என்ற கேள்வி மிஞ்சும். தக்காளிக் கூடையாகக்கூட இருக்கலாம். உறவு இன்னும் முறியாமல் இருக்கும்போதே நீங்கள் முழுதாக எழுதுங்கள்: "மார்ச் 10-ஆம் தேதி உன் மகள் கல்யாணத்துக்காக நான் கொடுத்த இரண்டு லட்சத்தில் இன்னும் ஒன்றரை லட்சம் பாக்கி, எப்போது தருவாய்?" அதற்கு அவர் "கொஞ்சம் பொறுங்கள்" என்று பதில் போட்டாலே, கேள்வியும் பதிலும் சேர்ந்து ஒரு கதை சொல்லும். இதில் தந்திரம் ஒன்றும் இல்லை, நடந்ததைத்தானே எழுதுகிறீர்கள்.

வட்டிக்குக் கொடுப்பவர்களுக்கும் ஒரு சொல். மாதம் பத்து வட்டி கேட்டு நீங்கள் அனுப்பிய மெசேஜும் அதே போனில்தான் இருக்கிறது. 2003-ஆம் ஆண்டின் கந்துவட்டித் தடைச் சட்டத்தில் உங்கள்மீது புகார் கொடுக்க அவருக்கு அது போதும். பதிவு செய்யாத சீட்டு நடத்துபவர்களுக்கும் இதேதான். 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டத்தை மீறியதற்கு, அவர்கள் தொடங்கிய வாட்ஸ்அப் குழுவே முதல் சாட்சி.

கடன் கொடுத்து மூன்று வருடம் ஆகப்போகிறது. "தருகிறேன்" என்று மெசேஜ் வந்திருக்கிறது. வழக்குப் போடும் கெடு நீளுமா?

காலவரையறைச் சட்டம் 1963-இன் 18-ஆம் பிரிவு, கெடு முடிவதற்குள் கடன்காரர் எழுத்தில் ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டால் அந்த நாளிலிருந்து புதிதாக மூன்று ஆண்டு கணக்கிடலாம் என்கிறது. வாட்ஸ்அப் வரியை 'கையெழுத்திட்ட எழுத்து' என்று கொள்ளலாமா என்பது வாதத்துக்குரிய விஷயம். உங்கள் பணத்தை வாதத்தில் பணயம் வைக்காதீர்கள். கெடு முடிவதற்குள் ஒரு வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்குங்கள், அல்லது வழக்கைத் தாக்கல் செய்துவிடுங்கள்.

ஓசூரிலிருந்து ரோஜா அனுப்பினேன், பெங்களூரு வியாபாரி ஏமாற்றிவிட்டார். புகாரைக் கர்நாடகத்தில் கொடுக்க வேண்டுமா?

வேண்டியதில்லை. மெசேஜ் மூலமோ கடிதம் மூலமோ நடந்த மோசடியை, அந்தத் தகவல் அனுப்பப்பட்ட இடத்திலும் விசாரிக்கலாம், வந்து சேர்ந்த இடத்திலும் விசாரிக்கலாம் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 202-ஆம் பிரிவு சொல்கிறது. அத்திப்பள்ளியைத் தாண்டித்தான் போக வேண்டும் என்று எந்தக் காவல் நிலையமும் சொல்ல முடியாது. 173-ஆம் பிரிவின்படி, சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் புகாரைப் பதிவு செய்தாக வேண்டும்.

ஆனால் வாங்கிய சரக்குக்குப் பணம் தராதது எல்லாம் மோசடி ஆகிவிடாது. ஆரம்பத்திலேயே ஏமாற்றும் எண்ணம் இருந்ததா என்று பார்ப்பார்கள். அதைக் காட்டுவது முதல் வாரத்து மெசேஜ்கள். கடைசி வாரத்து வசவுகள் அதற்கு உதவாது.

மெசேஜை அழித்துவிட்டேன். கம்பெனியிடம் கேட்டால் கிடைக்குமா?

பெரும்பாலும் கிடைக்காது. வாட்ஸ்அப் உரையாடல் இரு முனைகளிலும் பூட்டப்பட்டது, போய்ச் சேர்ந்த மெசேஜின் நகல் அந்த நிறுவனத்திடம் இருக்காது. செல்போன் நிறுவனத்திடம் இருப்பது எந்த எண்ணிலிருந்து எந்த எண்ணுக்கு, எப்போது, எவ்வளவு நேரம், எந்த டவர் என்ற பட்டியல் மட்டும். என்ன பேசினீர்கள் என்பது இருக்காது. அந்தப் பட்டியலைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியைத் திருத்தினார்கள். அதைப் போலீஸோ கோர்ட்டோதான் கேட்டு வாங்க முடியும். ஆள் பிடித்துத் தனியாக வாங்கினால் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். இரண்டு ஆண்டுக் கெடு இருப்பதால், அந்தப் பட்டியல் தேவைப்படும் என்று தோன்றினால் வக்கீலிடம் சீக்கிரமே சொல்லி மனுப் போடச் சொல்லுங்கள்.

கூகுள் டிரைவில் பழைய நகல் இருக்கலாம். அவசரப்பட்டு நீங்களே வாட்ஸ்அப்பை நீக்கி மறுபடி ஏற்றாதீர்கள், பழையது வரும் வேகத்தில் புதியது போய்விடும். எதிராளி உங்கள் கண்முன் அழித்தால் "இந்த மெசேஜ் நீக்கப்பட்டது" என்ற வரி அங்கே நிற்கும், அதையும் படம் எடுத்துவையுங்கள். கோர்ட்டுக்கு வர வேண்டிய மின்னணுப் பதிவை வேண்டுமென்றே அழிப்பது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 241-ஆம் பிரிவில் குற்றம்.

போனில் பேசியதை அவருக்குத் தெரியாமல் பதிவு செய்தேன். செல்லுமா?

நீங்கள் பேசிய பேச்சை நீங்கள் பதிவு செய்திருந்தால் பொதுவாகச் செல்லும். 1972-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த மல்கானி வழக்கிலிருந்து நீதிமன்றங்கள் பார்ப்பது மூன்று விஷயங்கள்: வழக்குக்குத் தொடர்பு இருக்கிறதா, குரல் யாருடையது என்று தெரிகிறதா, வெட்டி ஒட்டாமல் இருக்கிறதா. பிறர் இருவர் பேசியதை நீங்கள் ஒட்டுக்கேட்டுப் பதிவு செய்வது வேறு கதை, அது குற்றம்.

மனைவியின் போனை, கணவரின் போனை எடுத்துப் பார்த்து ஆதாரம் சேர்க்கலாமா?

இதில் நீதிமன்றங்கள் இரண்டு திசையிலும் போயிருக்கின்றன. மேலே சொன்ன மதுரைக் கிளைத் தீர்ப்பு, மனைவியின் அழைப்புப் பட்டியலைக் கணவர் திருட்டுத்தனமாக எடுத்த வழக்கில் வந்தது. தம்பதிக்கிடையிலும் அந்தரங்க உரிமை உண்டு, அதை மீறிச் சேர்த்ததை ஏற்க முடியாது என்றது. 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், விவாகரத்து வழக்கு ஒன்றில், மனைவிக்குத் தெரியாமல் கணவர் பதிவு செய்த உரையாடலைச் சாட்சியமாக ஏற்கலாம் என்றது. தம்பதிக்குள் பேசியதை வெளியில் சொல்லத் தடை போடும் பழைய சாட்சியச் சட்டத்தின் 122-ஆம் பிரிவே, தம்பதிக்குள் நடக்கும் வழக்குக்கு விலக்குத் தருகிறது என்பது அதன் வாதம். அதோடு குடும்ப நீதிமன்றச் சட்டத்தின் 14-ஆம் பிரிவு, வழக்கைத் தீர்க்க உதவும் எதையும் சாட்சியச் சட்டத்தின் கட்டுப்பாடு இல்லாமல் ஏற்க அந்த நீதிமன்றங்களுக்கு இடம் தருகிறது.

இதைப் படித்துவிட்டு உளவுச் செயலி ஏற்றக் கிளம்பாதீர்கள். தான் பேசியதைப் பதிவு செய்வது வேறு, மற்றவர் போனுக்குள் புகுவது வேறு. இரண்டாவதற்குத் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66-ஆம் பிரிவு காத்திருக்கிறது. விவாகரத்து வாங்கப் போய் குற்ற வழக்கில் எதிரியாக நிற்க நேரும்.

ஆபாச மெசேஜும் படமும் அனுப்பி மிரட்டுகிறார். வீட்டில் தெரிந்தால் அவமானம் என்று அழித்துவிடவா?

அழிக்காதீர்கள் அம்மா. முதலில் எண் தெரியும்படி படம் எடுங்கள், அதன் பிறகு தடை செய்யுங்கள், போனை மாற்றாமல் வையுங்கள். அனைத்து மகளிர் காவல் நிலையத்திலோ மாவட்ட சைபர் குற்றப் பிரிவிலோ புகார் தரலாம். தேசிய சைபர் குற்ற இணையதளத்திலும் பதியலாம். பெண்களுக்கான உதவி எண் 181. பணம் பறிபோயிருந்தால் 1930-ஐ உடனே அழையுங்கள், அங்கே ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு.

படத்தில் இருப்பது 18 வயது நிறையாத பிள்ளை என்றால் மிகுந்த கவனம் வேண்டும். "ஆதாரம் பாருங்கள்" என்று மாமாவுக்கும் ஊர்ப் பெரியவருக்கும் அனுப்பினால் அனுப்பியவரே குற்றவாளி. அப்படிப்பட்ட படத்தை வைத்திருப்பதே குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டத்தின் 15-ஆம் பிரிவில் எப்போது குற்றம் ஆகும் என்பதை 2024 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் விரிவாகவே சொல்லியிருக்கிறது. யாருக்கும் அனுப்பாமல் போனை அப்படியே எடுத்துக்கொண்டு காவல் நிலையத்துக்குப் போங்கள்.

போலீஸ் வாட்ஸ்அப்பில் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறது. போக வேண்டுமா?

விசாரணைக்கு ஆஜராகச் சொல்லும் சுரக்ஷா சன்ஹிதாவின் 35-ஆம் பிரிவு நோட்டீஸை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் அது முறைப்படி கையில் சேர்ப்பித்தது ஆகாது என்று 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 'டிஜிட்டல் கைது' என்று வீடியோ அழைப்பில் சீருடையோடு மிரட்டுபவர்கள் அத்தனை பேரும் திருடர்கள். அப்படி ஒரு கைது எந்தச் சட்டத்திலும் இல்லை.

போலீஸ் என் போனை வாங்கி வைத்துக்கொண்டது. திரும்பக் கிடைக்குமா?

வாங்கும்போது மகஜர் (கைப்பற்றியதற்கான குறிப்பு) எழுதி, அதில் ஐ.எம்.இ.ஐ எண் இருக்கிறதா என்று பாருங்கள். சோதனையையும் கைப்பற்றுவதையும் வீடியோவில் பதிவு செய்ய வேண்டும் என்று சுரக்ஷா சன்ஹிதாவின் 105-ஆம் பிரிவு சொல்கிறது. போன் ஆய்வுக்காகத் தடய அறிவியல் துறைக்குப் போகலாம். அதன் தலைமையகம் சென்னை மயிலாப்பூரில் இருக்கிறது. போனால் சீக்கிரம் வராது. ஆய்வு முடிந்ததும் இடைக்காலமாகத் திரும்பத் தரும்படி நடுவரிடம் மனுப் போடலாம். பொருள்களைக் காவல் நிலையத்தில் தேவைக்கு மேல் முடக்கி வைக்கக் கூடாது என்று 2002-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

மெசேஜ் தெலுங்கில் இருக்கிறது. சிலது கன்னடம். கோர்ட் எப்படிப் படிக்கும்?

ஓசூர், தேன்கனிக்கோட்டை, தளிப் பக்கம் இது அன்றாடக் கேள்வி. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், கோர்ட்டில் தமிழ். போதாததற்கு மூன்றையும் ஆங்கில எழுத்தில் அடிக்கிறார்கள். மூல மெசேஜை அப்படியே வைத்து, கூடவே தமிழ் மொழிபெயர்ப்பையும் தாக்கல் செய்ய வேண்டும். மொழிபெயர்த்தவர் யார் என்று குறிப்பிடுங்கள். செல்லமாகச் சொன்ன வசவு மொழிபெயர்ப்பில் கொலை மிரட்டலாக மாறுவதும், மிரட்டல் செல்லமாகக் கரைவதும் உண்டு. இரு மொழியும் தெரிந்த வெளியாள் ஒருவர் செய்தால் எதிர்த்தரப்பு சண்டைக்கு இழுப்பது குறையும். கும்பிடும் கை, கட்டைவிரல் போன்ற படங்களையும் விடாமல் அப்படியே காட்டுங்கள். அதற்கு என்ன பொருள் என்று நீங்களே எழுதிவிடாதீர்கள், அது நீதிபதி முடிவு செய்ய வேண்டியது.

டவர் கணக்கை வைத்து நான் அங்கே இருந்தேன் என்கிறார்கள். மறுக்க முடியுமா?

முடியும். டவர் கணக்கு ஓர் இடத்தைப் புள்ளி வைத்துக் காட்டாது, ஒரு வட்டாரத்தைக் காட்டும். கிராமப்புறத்தில் அந்த வட்டாரம் பல கிலோமீட்டர் விரியும். எல்லையோர ஊர்களில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்போதே போன் கர்நாடக டவரைப் பிடிப்பதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். வத்தல்மலை, சித்தேரி போன்ற மலைப் பகுதிகளில் சிக்னல் இல்லாததால் பதிவே விழாமல் போகலாம். பதிவு இல்லை என்பதற்காக அங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. நிறுவனத்தின் அதிகாரி சாட்சி சொல்ல வரும்போது அந்த டவரின் எல்லை எவ்வளவு என்று உங்கள் வக்கீல் கேட்க வேண்டும்.

வக்கீல் வைக்கப் பணம் இல்லை. என்ன செய்வது?

இரண்டு மாவட்டத் தலைநகர்களிலும் நீதிமன்ற வளாகத்தில் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இயங்குகிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவின்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் கிடைப்பார். மற்றவர்களுக்கு வருமான வரம்பு உண்டு. 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது போனை முழுதாகச் சார்ஜ் செய்து, சார்ஜரையும் எடுத்துக்கொண்டு போங்கள். எந்த மெசேஜ் எந்தத் தேதியில் வந்தது என்று ஒரு தாளில் வரிசையாக எழுதியிருந்தால், அங்கே உங்கள் பேச்சைக் கேட்கும் வக்கீலுக்குப் பாதி வேலை முடிந்துவிடும்.